வளைகுடாவுக்குப் போகும் முன்: போகிறவரும் வீட்டாரும் அறிய வேண்டிய சட்டங்கள்

 

மணலூர்பேட்டையில் ஒரு வீட்டுப் பிள்ளை ரியாத்துக்கோ துபாய்க்கோ குவைத்துக்கோ விமானம் ஏறிவிட்டால், அன்று முதல் அந்தக் குடும்பம் இரண்டு நாட்டுச் சட்டங்களின் கீழ் வாழத் தொடங்குகிறது. போனவருக்கு ஒரு சட்டம், வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு சட்டம். இதைப் புரிந்துகொள்ளாமல் இருப்பதால்தான் பல குடும்பங்கள் உரிமை இருந்தும் கைக்கு எதுவும் வராமல் நிற்கின்றன.

நமது அறக்கட்டளை அலுவலகத்துக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. "ஏஜென்ட் சொன்ன வேலை வேறு, அங்கே கொடுத்த வேலை வேறு, என்ன செய்வது?" "எட்டு வருஷம் உழைத்தான், கணக்கு முடிக்கும்போது கையில் ஒன்றும் தரவில்லையே?" "அவர் மவுத்தாகிவிட்டார், பேங்கில் உள்ள பணத்தை யார் வாங்குவது?" "அவன் அனுப்பிய பணத்தில் வாங்கிய மனை, ஆனால் பத்திரம் அத்தா பெயரில் இருக்கிறது, இப்போது தம்பிகள் பங்கு கேட்கிறார்களே?" இந்தக் கேள்விகள் அனைத்துக்கும் சட்டத்தில் பதில் உண்டு. ஆனால் அந்தப் பதில் நமக்குச் சாதகமாக இருக்குமா என்பதை, விமானம் ஏறும் முன் நாம் எழுதி வைத்த காகிதம்தான் பெரும்பாலும் முடிவு செய்கிறது.

அல்பகறா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் குர்ஆனிலேயே மிக நீளமான வசனம். அது பேசுவது தொழுகையையோ நோன்பையோ பற்றி அல்ல. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சி வைத்துக்கொள்வதைப் பற்றி. "சொந்தக்காரரிடம் எழுதி வாங்கினால் மரியாதையாக இருக்காதே" என்று தயங்குகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

எளிதாக மனத்தில் நிறுத்த ஒரு வரி சொல்கிறோம்: வேலையும் விசாவும் போன நாட்டுச் சட்டம், நிக்காஹும் நிலமும் நம் நாட்டுச் சட்டம். இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. புறப்படும் முன்: 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம்

வெளிநாட்டு வேலைக்குச் செல்லும் இந்தியர்களைப் பாதுகாக்க 1983இல் மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. இதன்படி, பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் 'இ.சி.ஆர்.' என்ற குறிப்பு இருக்கும். சவூதி, அமீரகம், குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு இவர்கள் வேலைக்குப் போக வேண்டுமானால், குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி வேண்டும். இதற்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. விண்ணப்பம் 'இ-மைக்ரேட்' என்ற அரசு இணையதளம் வழியாகச் செல்கிறது.

"இது வெறும் தொல்லை, விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்று சில ஏஜென்ட்கள் சொல்கிறார்கள். அந்த வார்த்தையை நம்ப வேண்டாம். அனுமதி பெற்றுப் போகிறவரின் வேலை ஒப்பந்தம், சம்பளம், முதலாளியின் பெயர் எல்லாம் நம் அரசின் பதிவில் இருக்கும். சம்பளம் வராமல் போனால் தூதரகம் அந்தப் பதிவை வைத்துத்தான் முதலாளியிடம் பேசும். விசிட் விசாவில் போனவருக்கு அங்கே ஒப்பந்தமும் இல்லை, இங்கே பதிவும் இல்லை. விசிட் விசாவில் வேலை செய்வதே அந்த நாடுகளில் குற்றம். ஏமாற்றப்பட்டவரே குற்றவாளியாக நிற்க வேண்டியிருக்கும்.

ஏஜென்ட் விஷயத்தில் மூன்று கேள்விகள் கேட்கப் பழகுங்கள்.

முதலாவது, அவருக்கு வெளியுறவு அமைச்சகத்தின் பதிவு எண் இருக்கிறதா? இ-மைக்ரேட் தளத்தில் பெயரைத் தேடினாலே தெரிந்துவிடும். "சென்னை ஆபீஸுக்கு நான்தான் இங்கே ஆள்" என்று ஊரில் சொல்லிக்கொண்டு வருகிற துணை ஏஜென்ட்டுக்குச் சட்டத்தில் இடமே இல்லை.

இரண்டாவது, கட்டணம் எவ்வளவு? பதிவு பெற்ற ஏஜென்ட் வேலை தேடுபவரிடம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். அதற்கும் ரசீது தர வேண்டும். நகையை அடகு வைத்து லட்சக்கணக்கில் கொடுப்பது சட்டப்படியான கட்டணம் அல்ல.

மூன்றாவது, ஒப்பந்தத்தின் நகல் எங்கே? சம்பளம் இவ்வளவு என்று வாய்மொழியாகச் சொல்வது கணக்கில் வராது.

இ.சி.ஆர். பாஸ்போர்ட்டில் போகிறவர்கள் 'பிரவாசி பாரதிய பீமா யோஜனா' என்ற காப்பீடு எடுப்பது கட்டாயம். இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய், அத்துடன் வரி. விபத்தில் மரணமோ நிரந்தர ஊனமோ ஏற்பட்டால் 10 லட்சம் ரூபாய். 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பில் தீப்பிடித்து 45 இந்தியர்கள் இறந்தார்கள். அவர்களில் 7 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். அப்படி ஒரு நாளில் வீட்டில் இருப்பவர்கள் அந்தக் காப்பீட்டின் எண்ணைத் தேடி அலையக் கூடாது. பாலிசியின் நகல் மனைவியிடமோ தாயிடமோ இருக்கட்டும். இரண்டு, மூன்று ஆண்டில் அது காலாவதியாகும் என்பதால் தேதியைக் குறித்து வைத்துப் புதுப்பியுங்கள்.

பெண்களுக்கு ஒரு குறிப்பு. இ.சி.ஆர். பாஸ்போர்ட் உள்ள பெண்கள் 30 வயது நிறையாமல் இந்த நாடுகளுக்கு வேலைக்குப் போக அனுமதி இல்லை. அதற்குப் பிறகும் அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் போக வேண்டும். நம் மாநிலத்தில் அந்தப் பணிக்கு 1978இல் தொடங்கப்பட்ட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. வீட்டு வேலைக்கு என்று தனியாள் யாராவது ஒரு சகோதரியை அழைத்துப் போனால், அது சட்டத்துக்கு வெளியே நடக்கும் காரியம்.

பெட்டி கட்டும்போது ஒரு எச்சரிக்கை. நம் சமையலறையில் சாதாரணமாக இருக்கும் கசகசா அமீரகத்திலும் சவூதியிலும் தடை செய்யப்பட்ட பொருள். குருமாவுக்கு என்று தாய் பாசத்தோடு கட்டிக் கொடுத்தாலும் விமான நிலையத்தில் அது போதைப்பொருள் வழக்காகிவிடும். வலி மாத்திரை, தூக்க மாத்திரை எடுத்துப் போகிறவர்கள் மருத்துவரின் சீட்டோடு, அந்த நாட்டில் அதற்கு அனுமதி உண்டா என்று கேட்டுக்கொண்டு போக வேண்டும். அடுத்தவர் தந்த பார்சலைப் பிரித்துப் பார்க்காமல் வாங்கவே கூடாது.

2. 'ஃப்ரீ விசா' என்று ஒன்று இல்லை

ஆசாத் விசா, ஃப்ரீ விசா என்று பல பெயர்களில் விற்கிறார்கள். ஒரு கஃபீலின் பெயரில் விசா எடுத்து, அவருக்கு மாதமோ வருடமோ ஒரு தொகை கொடுத்துவிட்டு, வெளியே கிடைத்த வேலையைச் செய்வது. எந்த வளைகுடா நாட்டுச் சட்டத்திலும் இப்படி ஒரு விசா கிடையாது. யாருடைய பெயரில் இகாமா இருக்கிறதோ அவரிடம் மட்டுமே வேலை செய்ய வேண்டும். வேறு இடத்தில் பிடிபட்டால் அபராதம், நாடு கடத்தல், திரும்ப நுழையத் தடை. அதோடு, வெளியே வேலை கொடுத்தவர் சம்பளம் தராவிட்டால் நீதிமன்றத்தில் அவர் மீது வழக்குப் போடுவதும் கடினம்; அவர் உங்கள் முதலாளி என்பதற்குக் காகிதமே இருக்காது.

அதே போல, விசாவின் வகையைப் பாருங்கள். வீட்டு டிரைவர், சமையல்காரர், தோட்டக்காரர், ஆடு மேய்ப்பவர் ஆகியோருக்கான வீட்டு விசா வேறு, கம்பெனி விசா வேறு. குவைத்தில் முன்னதை 20 என்றும் பின்னதை 18 என்றும் எண்ணால் சொல்வார்கள். கம்பெனித் தொழிலாளர்களுக்குக் கிடைக்கும் பல உரிமைகள் வீட்டு விசாவில் வருகிறவர்களுக்கு அப்படியே கிடைப்பதில்லை. சவூதியில் 2021 மார்ச் 14 முதல் நடைமுறைக்கு வந்த சீர்திருத்தத்தால், கம்பெனித் தொழிலாளி குறிப்பிட்ட நிபந்தனைகளுடன் முதலாளியின் சம்மதம் இல்லாமலே வேறு கம்பெனிக்கு மாறவும், ஊருக்கு வந்து போகவும் முடிகிறது. ஆனால் வீட்டு டிரைவருக்கும் வீட்டுப் பணியாளருக்கும் அந்தச் சலுகை தரப்படவில்லை. "டிரைவர் வேலைதானே, எந்த விசாவாக இருந்தால் என்ன" என்று கையெழுத்துப் போடுவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்.

3. அங்கே வேலையில் இருக்கும்போது

அமீரகத்தில் இப்போதுள்ள தொழிலாளர் சட்டம் 2022 பிப்ரவரி 2 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் நம் பிள்ளைகள் தெரிந்திருக்க வேண்டியவை:

வேலை நேரம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. கூடுதல் நேரத்துக்கு 25 சதவீதமும், இரவு 10 முதல் அதிகாலை 4 வரை என்றால் 50 சதவீதமும் கூடுதல் சம்பளம். சோதனைக் காலம் ஆறு மாதத்துக்கு மேல் கூடாது. ஓராண்டு முடித்தவருக்கு ஆண்டுக்கு 30 நாள் சம்பளத்துடன் விடுமுறை. ஆள் எடுக்கும் செலவை முதலாளிதான் ஏற்க வேண்டும். பாஸ்போர்ட்டை அவர் பிடித்து வைக்கக் கூடாது. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது. வேலைக்கான சலுகைக் கடிதம் அரபி, ஆங்கிலத்தோடு தொழிலாளிக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும். அங்குள்ள தொழிலாளர் அமைச்சகம் தமிழிலும் அதை வைத்திருக்கிறது. "தமிழில் காட்டுங்கள்" என்று கேட்பது நம் உரிமை.

இனி, வேலை முடிந்து வரும்போது கிடைக்கும் சர்வீஸ் பணம். அமீரகத்தில் ஓராண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு, முதல் ஐந்து ஆண்டுகளில் ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். அதற்கு மேல் ஒவ்வோர் ஆண்டுக்கும் 30 நாள் அடிப்படைச் சம்பளம். தானாக ராஜினாமா செய்தாலும் இது உண்டு. வேலை முடிந்த 14 நாளுக்குள் கணக்கு முடிக்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அடிப்படைச் சம்பளம் 1,200 திர்ஹம், 7 ஆண்டு வேலை. ஒரு நாள் சம்பளம் 40 திர்ஹம். 21 நாளுக்கு 840. ஐந்து ஆண்டுக்கு 4,200. மீதி இரண்டு ஆண்டுக்கு 2,400. ஆக 6,600 திர்ஹம். இதே ஆளுக்கு மொத்தச் சம்பளத்தை மாற்றாமல், ஒப்பந்தத்தில் அடிப்படையை 600 என்றும் மீதியைப் படி என்றும் எழுதியிருந்தால் 3,300தான் வரும். மாதம் கைக்கு வரும் தொகை ஒன்றாக இருந்தாலும் கடைசியில் பாதி போய்விடும். ஆகவே ஒப்பந்தத்தில் 'அடிப்படைச் சம்பளம்' என்ற கட்டத்தை முதலில் பாருங்கள்.

சவூதியில் கணக்கு வேறு. முதல் ஐந்து ஆண்டுக்கு ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம், பிறகு ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம். கடைசியாக வாங்கிய சம்பளத்தை வைத்துக் கணக்கிடுவார்கள். 1,500 ரியால் சம்பளத்தில் 8 ஆண்டு என்றால், 3,750 உடன் 4,500 சேர்ந்து 8,250 ரியால். ஆனால் அங்கே தானாக ராஜினாமா செய்தால் குறையும்: இரண்டு ஆண்டுக்குள் என்றால் ஒன்றுமில்லை, ஐந்து ஆண்டு வரை மூன்றில் ஒரு பங்கு, பத்து ஆண்டு வரை மூன்றில் இரண்டு பங்கு, பத்து ஆண்டுக்கு மேல் முழுதும். எட்டாவது ஆண்டில் ராஜினாமா எழுதிக் கொடுப்பவருக்கு 8,250க்குப் பதில் 5,500தான். புரியாத அரபிக் காகிதத்தில் "சும்மா ஒரு கையெழுத்து" கேட்டால், அது ராஜினாமாவாகவோ "எல்லாம் வாங்கிவிட்டேன்" என்ற ஒப்புதலாகவோ இருக்கலாம். படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

வீட்டு விசாவில் இருப்பவர்களுக்குத் தனிச் சட்டங்கள் உண்டு. குவைத்தில் 2015ஆம் ஆண்டின் 68ஆம் எண் சட்டம் வாராந்திர ஓய்வு நாள், ஆண்டு விடுமுறை, வேலை முடியும்போது ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம் ஆகியவற்றைத் தருகிறது. பாஸ்போர்ட்டை முதலாளி வைத்துக்கொள்வதையும் தடுக்கிறது. அமீரகத்தில் 2022இல் வந்த சட்டம் வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வும் நாளுக்கு 12 மணி நேர ஓய்வும் தருகிறது.

சம்பளம் வரவில்லை, கொடுமை நடக்கிறது என்றால் ஓடிவிடுவது தீர்வல்ல. ஓடினால் முதலாளி 'ஹுரூப்' என்று புகார் கொடுத்துவிடுவார். பிறகு நம் பிள்ளையே தேடப்படும் ஆளாகிவிடுவான். நேராக அந்த நாட்டுத் தொழிலாளர் அலுவலகத்துக்கோ இந்தியத் தூதரகத்துக்கோ போக வேண்டும். அமீரகத்தில் 50,000 திர்ஹத்துக்கு உட்பட்ட கோரிக்கையைத் தொழிலாளர் அமைச்சகமே தீர்த்துவைக்கிறது. ஆனால் கெடு உண்டு. வேலை முடிந்து அமீரகத்தில் இரண்டு ஆண்டுக்குள், சவூதியில் 12 மாதத்துக்குள் கேட்க வேண்டும். ஊருக்கு வந்து, கல்யாணம் முடித்து, நிதானமாகக் கேட்கலாம் என்று இருந்தால் உரிமை காலாவதியாகிவிடும்.

4. நிக்காஹும் குடும்பமும்

நம் நாட்டில் முஸ்லிம்களின் திருமணம், மஹர், தலாக், ஹிபா, மீராஸ் ஆகியவற்றுக்கு 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டப்படி ஷரீஅத் பொருந்தும். ஆனால் அதைச் சுற்றி அரசின் சட்டங்களும் இருக்கின்றன.

ஒன்று, பதிவு. தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009இன்படி, எல்லா மதத்தவரும் திருமணம் நடந்த 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். பள்ளிவாசலின் நிக்காஹ் ஏடு சாட்சிதான். அரசுப் பதிவுக்கு அது மாற்று அல்ல. மாப்பிள்ளை 40 நாள் லீவில் வந்து, நிக்காஹ் முடிந்து, விருந்துகள் முடிந்து, "அடுத்த முறை வரும்போது பதிந்துகொள்ளலாம்" என்று விமானம் ஏறிவிட்டால் 90 நாள் போய்விடும். குடும்ப விசாவுக்கும், நாளை அவருக்கு ஏதும் ஆனால் மனைவியின் உரிமைக்கும் அந்தச் சான்றிதழ்தான் அடிப்படை. நிக்காஹ் முடிந்த வாரத்திலேயே பதிந்துவிடுங்கள்.

இரண்டு, தலாக். போனிலோ வாட்ஸ்அப்பிலோ ஒரே மூச்சில் முத்தலாக் சொல்வது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 22 அன்று தீர்ப்பளித்தது. 2019இல் வந்த சட்டம் அதைக் குற்றமாகவும் ஆக்கியது. மூன்று ஆண்டு வரை சிறை. சொன்னவர் ஜித்தாவில் இருந்தாலும், மனைவியோ அவருடைய இரத்த உறவினரோ இங்கே புகார் கொடுக்கலாம். வழக்கு வந்தால் பாஸ்போர்ட் புதுப்பிப்பதிலும் பயணத்திலும் சிக்கல் வரும். நான்கு மாடி தூரத்தில் இருந்தாலும் நாலாயிரம் கிலோமீட்டர் தூரத்தில் இருந்தாலும், கோபத்தில் தட்டிவிட்ட ஒரு செய்தி இரண்டு குடும்பங்களைக் கோர்ட்டில் நிறுத்திவிடும். குர்ஆன் காட்டும் வழி, இரு தரப்பிலிருந்தும் நடுவர் வைத்துப் பேசுவது. அதற்கு ஜமாஅத் எப்போதும் தயாராக இருக்கிறது.

ஜமாஅத்தின் எல்லையையும் நாம் அறிந்திருக்க வேண்டும். காஜி தரும் தலாக் சான்று ஒரு கருத்து மட்டுமே, சட்ட ஆவணம் அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2017இல் சொன்னது. குலா கேட்கும் பெண் குடும்ப நீதிமன்றத்தைத்தான் நாட வேண்டும் என்று 2023இல் சொன்னது. நாங்கள் சமரசம் செய்துவைக்கலாம், தீர்ப்பெழுத முடியாது.

மூன்று, ஜீவனாம்சம். பணம் அனுப்பாமல் விட்டுவிடும் கணவரிடம் மாதச் செலவு கேட்டு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போகும் உரிமை முஸ்லிம் பெண்ணுக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 10 அன்று மீண்டும் உறுதி செய்தது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பாராமல் இலவசச் சட்ட உதவி கிடைக்கும். 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

5. அனுப்பும் பணமும் வாங்கும் நிலமும்

வேலைக்கு என்று வெளிநாடு போனவர் அந்நியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாடு வாழ் இந்தியர் ஆகிறார். அவருடைய பழைய சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். அங்கிருந்து அனுப்பும் பணத்துக்கு என்.ஆர்.ஈ. கணக்கு, அதன் வட்டிக்கு இங்கே வருமான வரி இல்லை. வட்டி வேண்டாம் என்பவர்களுக்கும், வங்கி வழியாக வந்த பணம் என்ற ஆதாரம் நாளை வீடு வாங்கும்போது உதவும். உண்டியலில் வரும் பணம் வேகமாக வரலாம். ஆனால் அது சட்டவிரோதம். கொண்டு வருகிறவன் பிடிபட்டால் பணமும் போகும், விசாரணையும் வரும்.

நம் பகுதியில் பலருக்குத் தெரியாத ஒன்று: வெளிநாடு வாழ் இந்தியர் தம் பெயரில் விவசாய நிலம் வாங்க முடியாது. வீடு, மனை, கடை வாங்கலாம். வாரிசாக நிலம் வந்தால் வைத்துக்கொள்ளலாம். ஆனால் தென்பெண்ணைக் கரையில் ஒரு ஏக்கர் கழனியை சம்பாதிக்கும் பிள்ளை பெயரிலேயே பத்திரம் செய்வது அந்தச் சட்டத்துக்கு எதிரானது.

அப்படியானால் யார் பெயரில் வாங்குவது? இங்கேதான் பல வீடுகளில் தகராறு தொடங்குகிறது. முஸ்லிம் சட்டத்தில் கூட்டுக் குடும்பச் சொத்து என்ற கருத்து இல்லை. பத்திரம் யார் பெயரிலோ அவருடைய சொத்து என்றுதான் முதலில் பார்க்கப்படும். மகன் பத்து வருடம் அனுப்பிய பணத்தில் அத்தா பெயரில் வாங்கினால், அத்தாவின் காலத்துக்குப் பின் அது அத்தாவின் எல்லா வாரிசுகளுக்கும் பங்காகும். அனுப்பியவருக்குத் தனி உரிமை என்று நிரூபிப்பது மிகவும் கடினம். அத்தாவுக்குக் கொடுப்பது நோக்கமாக இருந்தால் அது நன்மையான காரியம், மனமாரக் கொடுக்கட்டும். இல்லையென்றால் யாருடைய பணம், யாருக்காக வாங்குகிறோம் என்பதை வக்கீலிடம் கேட்டு எழுதி வைக்க வேண்டும்.

கடைக்கும் இதே நியாயம்தான். குவைத்தில் இருக்கும் தம்பி முதல் போட, ஊரில் அண்ணன் கடை நடத்தினால் அது கூட்டு வியாபாரம். 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி பத்திரம் எழுதிப் பதிவு செய்யாவிட்டால், நாளை தகராறு வரும்போது ஒரு கூட்டாளி மற்றவர் மீது ஒப்பந்தத்தை வைத்து வழக்குப் போட முடியாது. முதல் எவ்வளவு, லாபப் பங்கு எவ்வளவு, அண்ணனின் உழைப்புக்கு எவ்வளவு என்று எழுதுங்கள்.

அங்கேயே கடை வைக்க நினைப்பவர்களுக்கு: அமீரகத்தில் 2021 ஜூன் முதல் பெரும்பாலான தொழில்களில் வெளிநாட்டவரே முழு உரிமையாளராக இருக்கலாம். சவூதியில் அரபியின் பெயரில் உரிமம் எடுத்து நாம் கடை நடத்துவது 'தஸத்துர்' என்ற குற்றம். 2020இல் வந்த சட்டம் அதற்கு ஐந்து ஆண்டு வரை சிறையும் 50 லட்சம் ரியால் வரை அபராதமும் வைத்திருக்கிறது.

ஊரில் வேலை நடக்க அதிகாரப் பத்திரம், அதாவது பவர், கொடுத்துப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது: அங்கிருந்து எழுதினால் இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டுச் சான்று பெற்று, இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். எதற்கு அதிகாரம் என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். "எல்லாம் செய்யலாம்" என்று எழுதினால் விற்கவும் செய்யலாம். கொடுத்தவர் வபாத்தானால் அந்த நொடியே பவர் செல்லாமல் போகும். அதற்குப் பின் அதைக் காட்டி நடந்த விற்பனை கோர்ட்டில் நிற்காது.

6. வபாத் ஏற்பட்டால்

பேசத் தயங்கும் விஷயம். ஆனால் பேசாமல் விட்டதால் துன்பப்படுவது விதவையும் யதீம்களும்தான்.

முதலில் ஜனாஸாச் செலவு, பிறகு கடன், பிறகு வஸிய்யத், அதன் பின்தான் பங்கு. கொடுக்காமல் நின்ற மஹரும் கடன்தான். மனைவியின் பங்கோடு சேர்த்து மறைத்துவிடக் கூடாது. வஸிய்யத் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. மற்ற வாரிசுகள் சம்மதிக்காமல் ஒரு வாரிசுக்கு எழுதவும் கூடாது.

பங்குக்கு ஓர் உதாரணம். இறந்தவருக்குத் தாய், மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள். கடன் போக 24 லட்சம் இருக்கிறது. மனைவிக்கு எட்டில் ஒன்று, 3 லட்சம். தாய்க்கு ஆறில் ஒன்று, 4 லட்சம். மீதி 17 லட்சத்தில் மகனுக்கு 8.5 லட்சம், மகள் ஒவ்வொருவருக்கும் 4.25 லட்சம். நன்செய், புன்செய்க்கும் இதே பங்குதான். 1937ஆம் ஆண்டுச் சட்டம் விவசாய நிலத்தை விலக்கி வைத்திருந்தது. சென்னை மாகாணம் 1949இல் திருத்தம் கொண்டுவந்து அந்த விலக்கை நீக்கிவிட்டது. "நிலத்தில் பெண்ணுக்குப் பங்கு வழக்கமில்லை" என்று யாராவது சொன்னால், மார்க்கத்திலும் அதற்கு இடமில்லை, சட்டத்திலும் இல்லை.

வங்கியில் நாமினியாகப் பெயர் இருப்பவர் பணத்தை வாங்கிக்கொள்ளும் அமானத்தாளர்தான், உரிமையாளர் அல்லர். அதே போல, தந்தையை இழந்த சிறுபிள்ளைகளின் பங்கைத் தாயோ சிறிய தந்தையோ கோர்ட் அனுமதி இல்லாமல் விற்க முடியாது. அப்படி வாங்குகிறவரும் பின்னால் சிக்கிக்கொள்வார்.

வளைகுடா வங்கியில் உள்ள பணமும் சர்வீஸ் பணமும் அந்த நாட்டு நீதிமன்றத்தின் உத்தரவின் பேரில்தான் வெளியே வரும். மரணத்தைத் தூதரகத்தில் பதிவு செய்வது முதல் வேலை. பிறகு தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றுக்கு அயல்நாட்டுக்கான சான்று பெற வேண்டும். சவூதி 2022 டிசம்பர் முதல் 'அப்போஸ்டில்' முத்திரையை ஏற்கிறது. வேறு சில நாடுகளுக்குத் தூதரகச் சான்று வேண்டும். பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் மாதக்கணக்கில் அலைய வேண்டிவரும். பாஸ்போர்ட், ஆதார், நிக்காஹ் சான்று மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

7. வீட்டில் வைக்க வேண்டிய ஒரு பை

விமானம் ஏறும் முன் இவற்றின் நகல்களை ஒரு பையில் போட்டு, மனைவியிடமோ தாயிடமோ கொடுத்து, எது எதற்கு என்று உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள்:

பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம், ஏஜென்ட்டின் பதிவு எண்ணும் பணம் கொடுத்த ரசீதும், காப்பீட்டுப் பத்திரம், திருமணப் பதிவுச் சான்றிதழ், முதலாளி, கம்பெனியின் பெயர், முகவரி, இங்கும் அங்கும் உள்ள வங்கிக் கணக்கு விவரம், யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், யாரிடமிருந்து வர வேண்டும் என்ற கடன் பட்டியல், சொத்துப் பத்திரங்கள் எங்கே இருக்கின்றன என்ற குறிப்பு.

படிப்பில்லாத தாய் என்று விட்டுவிடாதீர்கள். எந்தக் காகிதம் எந்தக் கவரில் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தால் போதும், மீதியைச் செய்ய ஆள் இருக்கிறார்கள்.

வெளியுறவு அமைச்சகத்தின் கட்டணமில்லா உதவி எண் 1800 11 3090. புகார்களுக்கு 'மதத்' என்ற அரசு இணையதளம் இருக்கிறது. நம் மாநில அரசின் அயலகத் தமிழர் நலத்துறையும் உடலைக் கொண்டுவருவது, சிக்கியவர்களை மீட்பது போன்றவற்றில் உதவுகிறது.

சட்டங்கள் மாறக்கூடியவை. புறப்படும் நேரத்தில் அப்போதுள்ள விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்லவும், படிவங்களை நிரப்பவும் நமது அறக்கட்டளை அலுவலகத்துக்கு வரலாம். கட்டணம் எதுவும் இல்லை. ஏஜென்ட்டிடம் பணம் கொடுப்பதற்கு முன் வாருங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள். கொடுத்த பிறகு வந்தால் நாங்கள் செய்யக்கூடியது குறைவு.

நம் பிள்ளைகளின் பயணத்தையும் உழைப்பையும் அல்லாஹ் பரக்கத்தாக்கி, அவர்களை நலமாகத் திரும்பக் கொண்டு சேர்ப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.